லிஸ்ட் கொடுப்பது வெட்கமா?

"இவங்களுக்குப் போய் லிஸ்ட் குடுக்கறோமே மேடம், வெட்கமா இல்ல?"

2026 பொங்கல். ஜோத்பூரில் நாங்கள் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடியிருந்தோம். கரும்பு கிடைக்காமல் அலைந்த கதை, ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைக்காத கதை எல்லாம் முடிந்து பேச்சு எப்போதும் போல பாகிஸ்தானுக்கு வந்து சேர்ந்தது. வடை சூடாக இருந்தது. பேச்சு அதைவிடச் சூடு. கேள்வி கேட்டவர் நல்ல மனிதர். நாங்கள் டிரான்ஸ்ஃபரில் வந்து இறங்கியபோது கேஸ் கனெக்‌ஷனில் இருந்து மகளின் ஸ்கூல் அட்மிஷன் வரை கூடவே நின்றவர். அவரை நான் திட்டப் போவதில்லை. அவர் சொன்னதைத்தான் திட்டப் போகிறேன்.

அவர் பேசியது ஜனவரி 1-ம் தேதி இந்தியாவும் பாகிஸ்தானும் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொண்ட செய்தியைப் பற்றி. பக்கத்தில் இருந்த இன்னொருவர் முடித்து வைத்தார்: "லிஸ்ட்டாவது பேச்சுவார்த்தையாவது. ஒண்ணே ஒண்ணு போட்டா முடிஞ்சுது."

எல்லோரும் சிரித்தார்கள். வாயில் வடையை வைத்துக்கொண்டு நானும் அசடு மாதிரி சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: நான் ராணுவ நிபுணர் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக வங்கியில் அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பவள். எனக்குத் தெரிந்தது டெபிட், கிரெடிட், சாவி, பூட்டு. அதை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

அது என்ன லிஸ்ட்?

1988 டிசம்பர் 31. இஸ்லாமாபாத்தில் ராஜீவ் காந்தி, பேநசீர் புட்டோ இருவர் முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு நாட்டின் அணு நிலையங்களை இன்னொரு நாடு தாக்கக் கூடாது. அந்த நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்பதை அட்சரேகை, தீர்க்கரேகையோடு எழுதி ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1 அன்று கொடுக்க வேண்டும். 1991 ஜனவரியில் அமலுக்கு வந்தது. 1992 ஜனவரி 1-ல் முதல் பட்டியல் கைமாறியது. 2026 ஜனவரி 1-ல் நடந்தது 35-வது தடவை.

நடுவில் என்னென்ன நடந்தது என்று ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்கள். 1998 மே மாதம் இரண்டு பேரும் மாறி மாறிக் குண்டு வெடித்துப் பார்த்தார்கள். 1999 கார்கில். 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதல், அதையொட்டி 2002-ல் மாதக்கணக்கில் இரண்டு ராணுவமும் எல்லையில் முறைத்துக்கொண்டு நின்றது. 2008 மும்பை. 2019 புல்வாமா, பாலாகோட். 2025 ஏப்ரலில் பஹல்காம், மே மாதம் நாலு நாள் சண்டை. ரயில் நின்றது, விசா நின்றது, வாகா கேட் மூடியது, சிந்து நதி ஒப்பந்தத்தையே நிறுத்தி வைத்தாயிற்று.

லிஸ்ட் மட்டும் ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

இது யாருக்கு லாபம்? என் அம்மாவுக்கு. அம்மா இருப்பது திருக்கழுக்குன்றம். அங்கிருந்து கல்பாக்கம் பஸ்ஸில் அரை மணி நேரம். மின்சாரம் எடுக்கும் அணு உலைகள் எல்லாம் அந்த ஒப்பந்தத்தின் விளக்கத்துக்குள் வருபவை. அந்தப் பக்கம் கராச்சிக் கடற்கரையில் ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் பக்கத்திலும் யாரோ ஒரு அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டு அம்மாக்களுக்கும் சேர்த்துக் கட்டிய இன்ஷ்யூரன்ஸ் பாலிசி அந்த லிஸ்ட். 35 வருடமாகப் பிரீமியம் தவறாமல் கட்டிய பாலிசியைப் பார்த்து வெட்கப்படச் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த நாலு ராத்திரி

2025 மே மாதம் என் அம்மா போன் செய்து, "எல்லைகிட்ட இருக்காதடி, புள்ளைய கூட்டிட்டு இங்க வந்துடு" என்று அழுதார். ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள், எப்படி வருவது? இங்கே ராத்திரி முழு இருட்டடிப்பு. ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டினோம். செல்போன் வெளிச்சத்தைக்கூடத் தலையணைக்கு அடியில் வைத்தோம். தெருவில் நாய் குரைத்தால்கூட நெஞ்சு திக்கென்றது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருட்டில் கேட்டாள்: "அம்மா, அவங்ககிட்டயும் இருக்கு, நம்மகிட்டயும் இருக்கு. யாராவது தப்பா அமுக்கிட்டா?"

"அதெல்லாம் அமுக்க மாட்டாங்க, தூங்கு" என்றேன். எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்போது இந்த மொட்டை மாடி நண்பர்கள் எல்லோரும் இதே ஊரில்தான் இருந்தார்கள். இருட்டில் உட்கார்ந்து ஊருக்கு போன் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஏழெட்டு மாதத்தில் மறந்துவிட்டதா?

"ஒண்ணே ஒண்ணு" என்கிறார்களே, அந்த ஒன்றுக்கு ஒரு கணக்கு உண்டு. ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோடன். 1945 முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர். 1974-லும் 1998-லும் குண்டு வெடித்துப் பார்த்த பொக்ரான் நாம் ஜெய்சால்மருக்குச் சுற்றுலா போகிற வழியில்தான் இருக்கிறது. மூன்று மணி நேர டிரைவ். ஸ்வீடனில் இருக்கும் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2025 ஜனவரியில் நம்மிடம் சுமார் 180 குண்டுகள், பாகிஸ்தானிடம் சுமார் 170. ஆக "ஒண்ணே ஒண்ணு" என்று ஒரு கணக்கே கிடையாது. போட்டால் திரும்பி வரும். வந்து விழும் இடத்தில் நம் மொட்டை மாடியும் இருக்கும்.

"நம்பிக்கையே இல்லாதவன்கிட்ட என்ன ஒப்பந்தம்?"

இதுதான் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம். முதலில் அவன் திருந்தட்டும், நம்பிக்கை வரட்டும், அப்புறம் பேசலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வங்கியில் வேலை பார்த்த யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

என் முதல் கிளை ஒரு சின்ன ஊரில். அங்கே ஹெட் கேஷியரும் அக்கவுண்டன்ட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் மேல் இன்னொருவர் மேலிடத்துக்குப் புகார் எழுதியிருந்தார். ஒருவர் டீ குடிக்கப் போனால் மற்றவர் திரும்பி வந்துவிடுவார். ஆனால் தினமும் காலையில் இரண்டு பேரும் ஸ்ட்ராங் ரூம் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இவர் சாவி ஒன்று, அவர் சாவி ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். சாயங்காலம் இரண்டு பேரும் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு பூட்டும் பூட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போவார்கள். நான் அங்கே இருந்த மூன்று வருடத்தில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை.

இதற்குப் பெயர் ஜாயின்ட் கஸ்டடி. இதைக் கண்டுபிடித்தவர் மனிதர்கள் நல்லவர்கள் என்று நினைத்துக் கண்டுபிடிக்கவில்லை. திடீரென்று ஒருநாள் வேறொரு ஆபீசர் வந்து கேஷை எண்ணிப் பார்ப்பார். "என்மேல் நம்பிக்கை இல்லையா சார்?" என்று எந்தக் கேஷியரும் அழுவதில்லை. நம்பிக்கை இல்லாத இடத்துக்காகத்தான் சரிபார்ப்பு என்ற ஒன்றே இருக்கிறது. நம்பிக்கை இருக்கும் இடத்தில் அது எதற்கு? அண்ணன் தம்பிக்குள் ஆடிட்டரா வைக்கிறோம்?

இதைச் செய்து காட்டிய இரண்டு பேர்

அர்ஜென்டினா, பிரேசில் என்றால் நமக்கு மரடோனாவும் பீலேவும்தான் ஞாபகம் வருவார்கள். அந்த இரண்டு நாடும் ஃபுட்பாலில் மட்டும் முட்டிக்கொள்ளவில்லை. பாரனா நதியில் பிரேசில் இதைப்பூ அணையைக் கட்ட ஆரம்பித்தபோது, கீழே இருக்கும் அர்ஜென்டினாவுக்கு ஒரே பயம். சண்டை வந்தால் மதகைத் திறந்து நம் ஊரை மூழ்கடித்துவிடுவான் என்று. (ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) அந்தத் தகராறு 1979-ல்தான் தீர்ந்தது.

இரண்டிலும் ராணுவ ஆட்சி. இரண்டிலும் வெளியே தெரியாத அணுத் திட்டங்கள். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இரண்டும் சேரவில்லை. "வைத்திருப்பவன் வைத்துக்கொள்வானாம், இல்லாதவன் கையெழுத்துப் போட வேண்டுமாம்" என்று, நாம் சொல்லும் அதே நியாயத்தைத்தான் அவர்களும் சொன்னார்கள். 1983-ல் அர்ஜென்டினா, பில்கானியு என்ற இடத்தில் யுரேனியம் செறிவூட்டும் வித்தை தனக்குக் கைவந்துவிட்டது என்று அறிவித்தது. 1987-ல் பிரேசிலும் அதையே அறிவித்தது.

இந்த இடத்தில் நம்மூராக இருந்தால் டிவியில் என்ன ஆட்டம் ஆடியிருப்பார்கள்! அவர்கள் செய்தது வேறு. ராணுவ ஆட்சி போனதும், 1985 நவம்பர் 30-ல் அர்ஜென்டினாவின் அல்ஃபோன்சினும் பிரேசிலின் சார்னியும் ஃபோஸ் தோ இகுவாசு என்ற எல்லை ஊரில் சந்தித்து, அணு விஷயத்தில் கூட்டறிக்கை விட்டார்கள். எந்த அணையைப் பார்த்து அவர் நாடு பயந்ததோ, அந்த அணைக்கே அல்ஃபோன்சின் நேரில் போய்ப் பார்த்தார். 1987-ல் சார்னியை அழைத்துப்போய் பில்கானியுவைக் காட்டினார். 1988-ல் சார்னி பதில் மொய் வைத்தார், அல்ஃபோன்சினைத் தன் நாட்டு அராமர் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போய். 1990 செப்டம்பரில் அடுத்த அதிபர் கோலோர், குண்டு வெடித்துப் பார்க்க ராணுவம் தோண்டியதாகச் சொல்லப்பட்ட 320 மீட்டர் ஆழக் குழியை மூடும் வேலையைத் தன் கையாலேயே தொடங்கி வைத்தார்.

1991 ஜூலையில் இரண்டும் சேர்ந்து ஒரு பொது நிறுவனத்தை ஆரம்பித்தன. சுருக்கமாக அபாக் என்பார்கள். தலைமையகம் ரியோ டி ஜெனிரோ. முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், அணுப் பொருட்களின் கணக்குக்கும் கட்டுப்பாட்டுக்குமான பிரேசில்-அர்ஜென்டினா நிறுவனம். பெயரிலேயே கணக்கு! ஒரு பி.காம். பட்டதாரியாக நான் புல்லரித்துப் போன இடம் இது :-)

வேலை எப்படி? பிரேசில் நிலையத்தைச் சோதிக்க அர்ஜென்டினா ஆட்கள் போவார்கள். அர்ஜென்டினா நிலையத்துக்கு பிரேசில் ஆட்கள். எவ்வளவு யுரேனியம் வந்தது, எவ்வளவு போனது, மிச்சம் எங்கே, ஏட்டில் இருப்பதும் கையில் இருப்பதும் டேலி ஆகிறதா? நாங்கள் தினமும் செய்யும் அதே வேலை. அதே 1991 டிசம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையையும் சேர்த்து நாலு பேர் ஒப்பந்தமாக அதை ஆக்கினார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பரவல் தடை ஒப்பந்தத்தில் அர்ஜென்டினா சேர்ந்தது 1995, பிரேசில் 1998. அதாவது உலக நியாயம் பிறக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. முதலில் பக்கத்து வீட்டுக்காரனோடு கணக்கைச் சரி பண்ணினார்கள். அமெரிக்கா முதலில் போடட்டும், ரஷ்யா முதலில் போடட்டும் என்று சொல்லும் நம் ஆட்கள் இதை ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும்.

என்னிடம் சொல்லப் போகும் பதில்கள்

"அவங்ககிட்ட குண்டு இல்ல. நம்மகிட்ட இருக்கு." உண்மை. இது பெரிய வித்தியாசம், நான் மழுப்பவில்லை. அவர்கள் குண்டு செய்யும் முன்பே நிறுத்திக்கொண்டார்கள். நாளைக்கே இரண்டு பேரும் குண்டைத் தூக்கிப் போடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஒருவர் ஏட்டை மற்றவர் பார்க்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். அதற்குக் குண்டு தடை இல்லை. மின்சார உலையில் ஆரம்பிக்கலாம்.

"சீனா?" இதுவும் நியாயமான கேள்வி. 1964-லேயே குண்டு வெடித்தவர்கள், சிப்ரி கணக்கில் 2025-ல் சுமார் 600 வைத்திருந்தவர்கள். ஆனால் பாகிஸ்தானோடு ஒரு மின்சார உலையைப் பரஸ்பரம் பார்த்துக்கொள்வதால் சீனாவுக்கு எதிரே நம்மிடம் ஒரு குண்டு குறையுமா? குறையாது. தவிர, முதலில் உபயோகிக்க மாட்டோம் என்று சீனா 1964-ல் இருந்து சொல்கிறது. நாமும் 2003 ஜனவரியில் கொள்கையாகவே அறிவித்தோம். சொல்பவர்கள் இரண்டு பேரும் அதை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட என்ன தடை? 1994-ல் சீனாவும் ரஷ்யாவும் தங்களுக்குள் அதை எழுத்தில் போட்டன.

"லாகூர் போனோம், கார்கில் கிடைச்சது." வலிக்கிற பதில். 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பஸ்ஸில் போனார், மே மாதம் முதுகில் குத்தினார்கள். மறுக்கவில்லை. ஆனால் லாகூரில் எழுதிய காகிதம் கார்கிலோடு செத்துப்போகவில்லை. பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது 2005-ல் ஒப்பந்தமானது. அணு ஆயுத விபத்து நடந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது 2007 பிப்ரவரி 21-ல் டெல்லியில் ஒப்பந்தமானது. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் சம்ஜௌதா எக்ஸ்பிரஸில் குண்டு வைத்து அத்தனை பேரைக் கொன்றிருந்தார்கள். அப்படியும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அதிகாரிகளுக்கு என் நாட்டுப்பற்றைவிட ஒரு குந்துமணி குறைவு என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

ஓட்டை எங்கே?

லிஸ்ட்டை இவ்வளவு நேரம் புகழ்ந்தேன். இப்போது அதன் குறை. கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறார்கள், யாரும் போய்ச் சரிபார்ப்பதில்லை. எங்கள் ஆடிட்டர் ஒரு பார்வையிலேயே சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.

இன்னொரு ஓட்டை. 2022 மார்ச் 9-ல் நம்முடைய பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானில் மியான் சன்னு என்ற ஊருக்கு அருகே போய் விழுந்தது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. இரண்டு நாள் கழித்து மார்ச் 11-ல் நம் அரசு தவறை ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பணிநீக்கம். என் மகள் கேட்டாளே, "யாராவது தப்பா அமுக்கிட்டா?" என்று. 2022-லேயே ஒன்று தப்பாகக் கிளம்பியாயிற்று. பிரமோஸ் க்ரூஸ் ஏவுகணை. 2005 ஒப்பந்தம் பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டும். 2007 ஒப்பந்தம் அணு ஆயுத விபத்துக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தில் அந்த ஏவுகணை புகுந்து போனது. பாலிசி வைத்திருந்தும் கிளெய்ம் கிடைக்காத கஸ்டமர்களைத் தினமும் பார்க்கிறேன். சின்ன எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை.

ஆகவே நான் கேட்பது மூன்றே மூன்று.

1. க்ரூஸ் ஏவுகணையையும் முன்னறிவிப்பு ஒப்பந்தத்தில் சேருங்கள்.

2. எந்த ஏவுகணை தவறிப் போனாலும், அணு ஆயுதமோ இல்லையோ, சில நிமிடங்களுக்குள் எதிர்த்தரப்புக்குச் சொல்லியாக வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து இல்லை.

3. மின்சாரம் தயாரிக்கும் உலையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வருடத்துக்கு ஒரு தடவை ஒருவர் உலையை மற்றவர் ஆட்கள் வந்து பார்க்கட்டும். பேசிக்கொள்ளக்கூட வேண்டாம். பார்த்து, எண்ணி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும்.

இதில் ஒரு குண்டும் குறையவில்லை, ஒரு அங்குல நிலமும் போகவில்லை. இதைக் கேட்டால்கூட ஒருவர் தேசத்துரோகி என்றால், தினமும் இரட்டைச் சாவி போட்டுப் பூட்டும் வங்கி ஊழியர்கள் அத்தனை பேரும் திருடர்கள் என்று அர்த்தம்.

ஊரை விட்டு வந்த நமக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு எல்லை என்பது டிவியில் வரும் மேப். நமக்கு அது ஜன்னலில் ஒட்டிய செய்தித்தாள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர் யாராவது "போட்டுத் தள்ளணும்" என்று ஆரம்பித்தால், அந்த நாலு ராத்திரி எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். அது போதும்.

நம்ம நண்பருக்கு: அண்ணா, அடுத்த பொங்கல் எங்கள் வீட்டில்தான். வடை நான் சுடுகிறேன். அதற்கு முன்னால் ஜனவரி 2-ம் தேதி பேப்பரில் ஏதோ ஒரு மூலையில் அந்தச் செய்தி வரும், நாலு வரிதான் இருக்கும். வந்ததும் வெட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு வருடம் அது வராமல் போனால், அன்றைக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.